புகைபோட்ட பிளம் பானம்: மூன்று முறை காய்ச்சிப் பார்த்தேன்

முதல் வாய் குடித்ததும் பாட்டிலைத் திருப்பித் தேதியைத்தான் பார்த்தேன். பழரசம் என்று வாங்கியது, வாயில் விறகடுப்புப் புகையாக இறங்கியது. கெட்டுப்போன சரக்கோ என்று பயம். தயாரித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மூடியின் சீலும் உடையாமல்தான் இருந்தது. வேலைக்காகப் பெய்ஜிங்கில் தங்கியிருந்த ஜூலை மாதம் அது. பத்து நிமிடம் வெளியே நடந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெக்கை. தாகம் விடவில்லை, இரண்டாவது வாய் குடித்தேன்.

இந்த முறை நிதானமாக, நாக்கில் கொஞ்சம் நிறுத்தி. முதலில் புகை. அது விலகுவதற்குள் தாடையின் இரண்டு ஓரத்திலும் சுருக்கென்று புளிப்பு. அதன் பின்னால் சர்க்கரை. விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் இன்னொரு இனிப்பு, வேர் மருந்தின் சாயலில் மெதுவாக ஏறி, நெடுநேரம் அங்கேயே தங்கியது. மூச்சை வெளியே விட்டால் மூக்கில் லேசாக ஒரு பூ வாசம். பாட்டில் காலியானபோது இன்னொன்று வாங்கலாமா என்றிருந்தது. புகை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அது இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்று புரிய மூன்று வாரமும் மூன்று பானையும் ஆயின.

பானத்தின் பெயர் சுவான்மேய்தாங். புளிப்பு பிளம் கஷாயம் என்று சொல்லலாம். சீனாவில் கோடை வந்தால் கடைக்குக் கடை இருக்கும், மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் வேகவைத்துச் சாப்பிடும் காரமான ஹாட்பாட்டோடு கட்டாயம் இருக்கும். பெய்ஜிங்காரர்கள் இதைத் தங்கள் ஊர்ப் பானமாகவே பேசுகிறார்கள். லியுலிசாங் தெருவில் சின்யுவான்சாய் என்ற கடை 1740-இல், சியென்லுங் பேரரசர் காலத்தில் தொடங்கியது. அந்தப் பெயரில் இன்றும் பாட்டில் வருகிறது. பழைய காலத்தில் தெருவில் விற்பவர்கள் கூவ மாட்டார்களாம். பிங்ஜான் என்கிற இரண்டு சிறிய செம்புக் கிண்ணங்களை ஒரே கையில் வைத்துத் தட்டுவார்களாம், அந்தக் கிணுகிணுவுக்கே ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். பெய்ஜிங்குக்கு முன்பே தெற்கில் இதன் முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டு ஹாங்ஜோ நகரத்துக் குளிர்பானங்களின் பட்டியலிலேயே ஒரு பிளம் நீர் வருகிறது.

அன்றிரவு காலி பாட்டிலின் லேபிளை மொபைலில் படம் எடுத்து வரிவரியாக மொழிபெயர்த்தேன். சீனாவில் எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. தண்ணீர், வெள்ளைச் சர்க்கரை, வூமேய் என்கிற கரும்பிளம், ஷான்ஜா என்கிற சிவப்புக் காட்டுப்பழம், ரோசெல் பூவின் சிவப்புப் புல்லிதழ், சென்பீ என்கிற பழைய ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், குய்ஹுவா பூ. கடைசியில் சிட்ரிக் அமிலமும் வாசனைச் சாரமும். அடித்தொண்டையில் தங்கிய இனிப்பு எதுவென்று தெரிந்துவிட்டது: அதிமதுரம். மூச்சில் வந்த பூ, குய்ஹுவா. புகை மட்டும் எந்தப் பெயரிலும் இல்லை. வாசனைச் சாரத்தின் வேலையாக இருக்கும், நாமே காய்ச்சினால் புகையில்லாமல் குடிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் பானை

பொருட்களை இணையத்தில் ஒரே பொட்டலமாக வாங்கினேன், விலை குறைவாக இருந்ததால். 2 லிட்டர் தண்ணீர், கரும்பிளம் 50 கிராம், ஷான்ஜா வில்லைகள் 100 கிராம், அதிமதுரம் 15 கிராம், மற்றவை ஒரு கைப்பிடி. ஷான்ஜாவின் நிறமும் வாசமும் பிடித்துப்போய் அள்ளிப் போட்டேன். ஊறவைக்கவில்லை. பெருந்தீயில் ஒன்றரை மணி நேரம் தளதளவெனக் கொதித்து ஏறக்குறைய பாதியாகச் சுண்டியது. 200 கிராம் கற்கண்டு போட்டு, வடிகட்டி, ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

காலையில் ஜாடியைச் சாய்த்தால் பானம் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்தால் குழகுழவென்று ஒரு பாளமாக நகர்ந்து வந்தது. கரண்டியால் அள்ளி மேலே தூக்கினால் சொட்டாமல் நூலாக இழுத்தது. ஷான்ஜாவில் பெக்டின் ஏராளம். பெக்டினோடு புளிப்பும் சர்க்கரையும் சேர்த்து நன்றாகச் சுண்டவைத்தால் இறுகும். சீனாவில் ஷான்ஜாகாவ் என்கிற சிவப்பு மிட்டாய்க் கட்டியை இந்த வித்தையில்தான் செய்கிறார்கள். நான் பானம் வைக்கப் போய் மிட்டாய்க்குப் பாதி வழி வந்திருந்தேன். சுவையைப் பார்த்தால் எல்லாவற்றையும் அதிமதுரம் மூடியிருந்தது. அதிலுள்ள கிளிசிரைசின் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு. நாக்கில் பட்டவுடன் தெரியாது, தாமதமாக வந்து போகாமல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு டம்ளர் குடித்து அரை மணி நேரம் கழித்தும் தொண்டையில் அது இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன், புகை துளிகூட இல்லை. நான் விரும்பியது அதைத்தானே, ஆனால் பாட்டிலின் சாயலே இந்தப் பானத்தில் இல்லை. புளிப்பு மேலோட்டமாக, தட்டையாக இருந்தது.

வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீன மருந்துக்கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மூலிகையின் பெயர். மிச்சமிருந்த கரும்பிளங்களைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய்க் கல்லாவில் இருந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார், சதையைக் கிள்ளி நீக்கிக் கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து தன் சரக்கில் ஒன்றை எடுத்து அதன் கொட்டையையும் பக்கத்தில் வைத்தார்.

"விரலால தடவிப் பாருங்க" என்றார்.

என்னுடையது வழவழவென்று, ஓரம் கத்திபோல் கூர்மையாக இருந்தது. அவருடையதில் மேற்பரப்பு முழுக்கக் குண்டூசியால் குத்தினதுபோல் குழி குழியாக இருந்தது. நான் வாங்கியது சாயமேற்றிய பாதாமி, அதாவது ஏப்ரிகாட். வூமேய் தரும் மேய் மரமும் பாதாமியும் நெருங்கிய உறவுதான், பிளம் என்று நாம் சொல்லும் மரத்தைவிட மேய்க்குப் பாதாமியே கிட்டத்துச் சொந்தம். அதனால் உருவத்தில் ஏமாறுவது எளிது. கொட்டை மட்டும் பொய் சொல்லாது. சாயச் சரக்கை வெந்நீரில் போட்டால் நிறம் சட்டென்று மையாக இறங்கிவிடும், நல்ல வூமேய் நிதானமாகப் பழுப்பாகத்தான் விடும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அவர் கடைச் சரக்கை முகர்ந்தபோது எனக்கு மூச்சே நின்றது. பாட்டிலில் இருந்த அதே புகை!

வூமேய் எப்படிச் செய்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கோடையில் பழம் பழுக்கும் தறுவாயில் பறித்து, தட்டில் பரப்பி, கீழே மெல்லிய தீ மூட்டி இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் வாட்டுகிறார்கள். தோல் சுருங்கிப் பழுப்பானதும் மூடிவைத்து மேலும் இரண்டு மூன்று நாள் புழுங்கவிட்டால் கருப்பாகிவிடும். ஃபூஜியென் மாகாணத்தின் ஷாங்ஹாங் பகுதி இதற்குப் பேர்போனது. யாங்சி ஆற்றுப் பக்கத்தில் இந்தப் பழம் பழுக்கும் ஜூன், ஜூலை நாட்களின் விடாத மழைக்கே மேய்யூ, பிளம் மழை என்றுதான் பெயர். மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது பழத்தை எந்த வெயிலில் காயவைப்பது? தீயும் புகையும்தான் வழியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படியானால் புகை யாரோ பின்னால் சேர்த்த வாசனை அல்ல, அந்தப் பழம் அழுகாமல் பிழைத்து வந்த விதம். இதைப் படித்த பிறகும் என் நாக்கு ஒப்பவில்லை. புகையைக் குறைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றே அது சொன்னது. ஆகவே இரண்டாவது பானை.

இரண்டாவது பானை

இந்த முறை எல்லாம் மருந்துக்கடைச் சரக்கு. ஷான்ஜாவை 25 கிராமாகவும் அதிமதுரத்தை 4 கிராமாகவும் குறைத்தேன். அதிமதுரத்தைக் குறைக்க நாக்கு மட்டும் காரணமில்லை. அதிகமாக, தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைப் போடாமலே காய்ச்சுவது நல்லது, பானம் ஒன்றும் பாழாகாது.

வூமேயைப் பிரித்ததுமே வாய் ஊறியது. மூன்றாம் நூற்றாண்டுத் தளபதி சாவ் சாவைப் பற்றி சீனர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. தண்ணீரில்லாத வழியில் படை தள்ளாடியபோது, முன்னால் ஒரு மேய்த் தோப்பு இருக்கிறது என்றானாம். அந்தப் புளிப்பை நினைத்தே வீரர்களின் வாய் ஊறி, தண்ணீர் இருக்கும் இடம்வரை நடந்துவிட்டார்களாம். உலர்ந்த வூமேயில் சிட்ரிக் அமிலம் 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சீன அரசின் மருந்துநூல் தரம் வைத்திருக்கிறது. பாட்டில் லேபிளில் தனியாகச் சேர்த்திருந்த அதே அமிலம், இந்தப் பழத்திலேயே அவ்வளவு இருக்கிறது.

வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். மறுபடி வெந்நீர், மறுபடி கொட்டினேன். இரண்டாவது தண்ணீரிலும் புகை வாசம் இருந்தது, மூன்றாவது முறை ஊற்றிக் கொட்டியதில் கிட்டத்தட்ட இல்லை. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ரோசெல்லையும் குய்ஹுவாவையும் சேர்த்தே, ஒரு மணி நேரம் காய்ச்சினேன்.

தெளிவாக வந்தது. குடிக்கவும் முடிந்தது. ஆனால் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்ததுபோல் புளிப்பு ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம், நடுவில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு நேரம் கொதித்ததில் ரோசெல்லின் சிவப்பு மங்கி, துவர்ப்பு நாக்கில் ஒட்டியது. குய்ஹுவா பூ போட்டதற்கே அடையாளம் இல்லை. அதன் வாசனை முழுக்க ஆவியோடு சமையலறைக்குப் போய்விட்டது. காய்ச்சும்போது அறையே மணந்தது, அதைப் பார்த்து மகிழ்ந்தேன். பானையில் இருக்க வேண்டியது காற்றில் போகிறது என்று அப்போது உறைக்கவில்லை.

இந்தப் பானையில்தான் எனக்குப் புகையின் வேலை விளங்கியது. புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளாமல் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். கழுவிக் கொட்டியது அழுக்கை அல்ல, பானத்தின் முதுகெலும்பை.

பெய்ஜிங் தண்ணீரில் கால்சியம் அதிகம், பாத்திரத்தில் வெள்ளைக் காவி படியும். என் எவர்சில்வர் பானையின் உள்ளே தண்ணீர் மட்டத்தில் ஒரு வெள்ளை வளையம் இருந்தது, தேய்த்தும் போகவில்லை. இரண்டு முறை காய்ச்சியதில் அது காணாமல் போய்ப் பானை புதிதாக மின்னியது. காவியைக் கரைக்கும் அளவு புளிப்பு என்றால் அலுமினியப் பாத்திரத்தையும் பூச்சில்லாத இரும்பையும் இதற்குத் தொடவே கூடாது. எவர்சில்வர், மண்பானை, கண்ணாடி, எனாமல் போதும்.

மூன்றாவது பானை

அளவு: தண்ணீர் 2 லிட்டர், வூமேய் 50 கிராம், ஷான்ஜா 25, சென்பீ 6, அதிமதுரம் 4, ரோசெல் 6, கற்கண்டு 150, குய்ஹுவா 2 கிராம். சென்பீ என்றால் 'பழைய தோல்' என்றே அர்த்தம். குவாங்டொங்கின் சின்ஹுயி ஊர்த் தோலை வருடக்கணக்கில் வைத்திருந்து விற்கிறார்கள், வயது கூடக் கூட விலையும் கூடும். நான் வாங்கியது மூன்று வருடத் தோல். காய்ச்சுவதற்கு அது போதும்.

வூமேய், ஷான்ஜா, சென்பீ, அதிமதுரம் நான்கையும் ஓடும் தண்ணீரில் தூசி போக ஒரு முறை மட்டும் அலசினேன். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் தண்ணீர் தேன் பழுப்பாக இருந்தது, வூமேய் உப்பிச் சதை விரலுக்கு நெகிழ்ந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் தீயைச் சின்னதாக்கினேன். மேற்பரப்பு ஓரமாக மட்டும் மெல்லச் சிமிட்டிக்கொண்டிருக்கும், அந்த அளவு தீ. மூடி சற்றே திறந்து 40 நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் ஷான்ஜா கரைந்து கலங்கிவிடும். சிறு தீயில் வில்லை வில்லையாகவே கிடந்தது.

பிறகு ரோசெல், பத்தே நிமிடம். அதுவரை தேநீர் நிறத்தில் இருந்த பானம் கண்ணெதிரே மாதுளைச் சிவப்பானது. பாட்டிலின் சிவப்புக்கும் பிளமுக்கும் சம்பந்தமில்லை, அது இந்தப் புல்லிதழின் கொடை என்று இங்கேதான் பார்த்தேன். அந்த நிறமி புளிப்பில்தான் சிவப்பாக நிற்கும், இங்கே புளிப்புக்குப் பஞ்சமில்லை. அமிலம் பார்க்கும் தாள் 3-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்).

கற்கண்டைப் போட்டுக் கரைந்ததும் அடுப்பை அணைத்தேன். இரண்டு நிமிடம் பொறுத்துக் குய்ஹுவாவைத் தூவி உடனே மூடினேன். பொன் மஞ்சளாக, அரிசிக்குருணை அளவே இருக்கும் பூ. நனைந்ததும் நான்கு இதழையும் விரித்துக்கொண்டு மேலே மிதந்தது. ஆறும்வரை மூடியைத் திறக்கவில்லை. பிறகு மெல்லிய துணியில் வடிகட்டினேன், பிழியாமல். பிழிந்தால் பெக்டினும் கலங்கலும் இறங்கும்.

சூட்டில் ருசி பார்த்தபோது இனிப்பு தூக்கலாகத் தெரிந்தது. தண்ணீர் சேர்க்கக் கை போனது, நிறுத்திக்கொண்டேன். குளிர்ந்தால் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். நான்கு மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது சரியாக இருந்தது. ஐஸ் போட்டுக் குடிப்பதென்றால் இன்னும் 20 கிராம் கற்கண்டு தாங்கும்.

மூன்று டம்ளர் எடுத்து அடியில் டேப் ஒட்டிக் குறித்தேன். ஒன்றில் பாட்டில், ஒன்றில் இரண்டாவது பானையிலிருந்து எடுத்து வைத்திருந்தது, ஒன்றில் இன்றையது. அறைத் தோழரிடம் இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். இரண்டாவது பானையை முதல் சொட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம், அவ்வளவு வெறுமை. பாட்டிலுக்கும் இன்றையதற்கும்தான் உண்மையான போட்டி. பாட்டிலில் புகை முதலில் பட்டென்று வந்து பட்டென்று போனது. அதற்குப் பின்னால் சர்க்கரைதான் பெரும்பகுதி. என் பானையில் புகை முதலில் தெரியவேயில்லை. புளிப்பு வந்தது, அதன் அடியில் மெல்லிய கரி வாசமாகத் தொடங்கி, விழுங்கிய பிறகும் அதிமதுரத்தோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கியது. பூ வாசனை பாட்டிலைவிடப் பல மடங்கு. பாட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அதைச் சூடாக்கித்தான் அடைக்க வேண்டும், அந்தச் சூட்டில் குய்ஹுவா தப்பிக்காது. தோழருக்குப் பாட்டிலே பிடித்திருந்தது, அது இன்னும் தித்திப்பு என்றார்.

வீட்டுப் பானத்தை ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்கவில்லை. முதல் நாளைவிட இரண்டாம் நாள் புளிப்பும் புகையும் இன்னும் இணங்கியிருந்தன, மூன்றாம் நாள் பூ வாசம் தேய்ந்திருந்தது. வடிகட்டிய சக்கையைத் தூக்கிப்போட வேண்டாம், 1 லிட்டர் தண்ணீரில் இன்னொரு அரை மணி நேரம் சிறு தீயில் வைத்தால் லேசான இரண்டாம் காய்ச்சல் கிடைக்கும். அதற்குக் கற்கண்டு 60 கிராம் போதும், குய்ஹுவா மட்டும் புதிதாகப் போட வேண்டும். கொட்டையை உடைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பருப்பில் நஞ்சாக மாறும் அமிக்டலின் இருக்கிறது. கொட்டை உடையாமல் முழுசாகவே கிடந்து வெந்தால் பயமில்லை.

மருந்துக்கடை அம்மாவுக்கு ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துப்போனேன். கோடையானால் இப்போது இளைஞர் கூட்டமே வூமேய் கேட்டு வருகிறது என்றார். 2023 கோடையில் ஹாங்ஜோவில் செஜியாங் மாகாணச் சீன மருத்துவ மருத்துவமனை தந்த வூமேய்ப் பொட்டலத்துக்கு இணையத்தில் அவ்வளவு பேர் முண்டியடித்தார்கள், அதிலிருந்தே இந்த வேகமாம். என் பாட்டிலைத் திறந்து முதலில் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார்.

"புகையை விட்டுவச்சிருக்கீங்க, சரி. சென்பீ கம்மி" என்றார்.

நான்காவது பானைக்குச் சென்பீ 10 கிராம் நிறுத்து வாங்கி வந்தேன். இதை எழுதும்போது அது ஊறிக்கொண்டிருக்கிறது.